ஒன்பது மனைவிகளும் ஒரு விண்ணப்பமும்

செங்கல்பட்டு
12-1-1954

மச்சானுக்கு, ஸலாம்.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கார்டை எடுத்தேன். ஆனால் நான் காலமாகிவிட்டதாக நீங்களே எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறீர்கள். செத்தவள் நலம் என்று எப்படி எழுதுவது? விஷயம் கார்டில் அடங்காது என்று இன்லண்டு வாங்கிவரச் சொன்னேன்.

அண்ணன் வேலை பார்க்கும் பஸ் கம்பெனிக்கு, மகாபலிபுரம் டைம் கீப்பர் வேலை கேட்டு நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் வந்து சேர்ந்தது. தபாலைப் பிரித்து மானேஜர் மேஜையில் வைப்பது அண்ணன் வேலைதான் என்று உங்களுக்குத் தெரியும். மொத்தம் இருபத்துமூன்று வந்தன. மானேஜர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, ஒன்றும் தேறாது என்று கூடையில் போட்டுவிட்டார். கூடையில் விழும் காகிதத்தை அண்ணன் வாரம் ஒருமுறை அடுப்பு மூட்டுவதற்கு வீட்டுக்குக் கொண்டுவருவார். அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்று நேற்று காலை நான் அடுப்பு மூட்டினேன். மூன்றைக் கிழித்துப் போட்டாயிற்று. நாலாவதாகக் கையில் வந்தது உங்களுடையது.

முழுக்க இங்கிலீஷ். கையெழுத்து மட்டும் தமிழில், உங்களுடையது. எட்டாவது வரை படித்த எனக்கு 'ஒய்ஃப்' என்ற வார்த்தை தெரியும். அதற்கு அடுத்த வார்த்தை தெரியவில்லை. அண்ணனிடம் நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "செத்துட்டாளாம். நீ செத்துட்டியாம். ரெண்டு கொயந்திங்க தாயில்லாம தவிக்குதுங்களாம்" என்றார்.

நமக்கு இருப்பது ஒன்று. மூன்று மாதம் ஆகப்போகிறது. அந்த ஒன்றையும் நீங்கள் இன்னும் வந்து பார்க்கவில்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. கடைசி வரியில் 'தங்கள் குமாஸ்தா கிஃபாயத்துல்லாவின் மைத்துனன்' என்று சிபாரிசு வேறு. அது கண்ணில் பட்டு மானேஜர் அண்ணனைக் கூப்பிட்டு, "தங்கச்சி தவறிப்போனதைச் சொல்லவே இல்லையே, லீவுகூடப் போடலையே நீ" என்று துக்கம் விசாரித்திருக்கிறார். அண்ணன் என்ன சொல்வார்? உயிரோடு இருக்கிறாள் என்றால் மைத்துனன் பொய்யன். இல்லை என்றால் இவர் பொய்யர். தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம்.

மிச்சம் இருந்ததையும் எரிக்காமல் பிரித்துப் பார்த்தேன். அதே ஆள் எழுதிய இங்கிலீஷில் இன்னும் எட்டு. அந்த எட்டிலும் அதே இடத்தில் அதே 'ஒய்ஃப்', அதே செத்துப்போன வார்த்தை. என்னையும் சேர்த்து ஒரே தபாலில் ஒன்பது மனைவிகளை அடக்கம் செய்திருக்கிறார் ஒரே ஆள். திருக்கழுக்குன்றத்தில் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் மனு எழுதும் அப்பாசாமிதானே அது?

வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பிப்ரவரி பத்தாம் தேதி வரை மறுபடி விண்ணப்பம் வாங்கப்போகிறார்கள். அண்ணன் சொன்னது மாறவில்லை. மாதச் சம்பளம் என்று ஒரு காகிதத்தைக் கண்ணில் காட்டினால்தான் என்னையும் குழந்தையையும் அங்கே அனுப்புவாராம். ஆகவே இந்த முறை நீங்களே எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். அனுப்பும் முன் என்னிடம் காட்டுங்கள்.

உயிரோடு இருக்கும்,
பதருன்னிசா


மகாபலிபுரம்
16-1-1954

பதருக்கு, ஸலாம்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. கடையைச் சாத்திவிட்டுப் பாறைப் பக்கம் போய்ப் படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது உட்கார்ந்துவிட்டேன்.

சத்தியமாக எனக்குத் தெரியாது. கம்பெனிக்கு இங்கிலீஷில் எழுதினால்தான் மதிப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பாசாமியிடம் போனேன். என் பெயர், ஊர், கம்பெனியில் தெரிந்தவர் பெயர் மட்டும்தான் கேட்டார். மற்றதெல்லாம் அவரே எழுதினார். "இன்னா எய்திக்கிறீங்க" என்று கேட்டேன். "உன் கஷ்டத்தெல்லாம் எய்தியாச்சு. அழுத புள்ளதான் பால் குடிக்கும், போ" என்றார். கையெழுத்துப் போட்டேன். நாளைக்கே போய் அவர் பேனாவைப் பிடுங்கி உடைக்கலாம் என்று இருக்கிறது. ஆனால் போட்ட கையெழுத்து என்னுடையது. அவரை அடித்து என்ன ஆகப்போகிறது.

குழந்தையைப் பார்க்க வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். வராதது தப்புதான். ஏழாம் மாதம் உன்னை அழைத்துப்போக வந்த அன்று உன் அண்ணன் என் கடை வாசலில் நாலு பேர் எதிரில் என்ன சொன்னார் என்று நீயும் கேட்டாய். "டீ ஆத்தறவனுக்குப் பொண்ண குடுத்துட்டோம். இனிமே சம்பளத்தோட வந்தா வாசப்படி ஏறு" என்றார். நீ வண்டியில் உட்கார்ந்திருந்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தை பிறந்ததும் கார்டில்தான் தெரிந்தது, ராபியா என்று பெயர் வைத்ததும் கார்டில்தான் தெரிந்தது. நான் வந்து, வாசலோடு திருப்பி அனுப்பினால் அதற்கப்புறம் எந்த முகத்தோடு வருவது? அதனால்தான் வரவில்லை.

நானே தமிழில் எழுதிப் பார்த்தேன். கீழே இருக்கிறது.

'மகா கனம் பொருந்திய மானேஜர் துரை அவர்கள் திவ்ய சமூகத்துக்கு, ஏழை கியாசுதீன் பணிந்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். தாங்கள் ஏழைகளுக்குத் தாய் தந்தை போன்றவர். அடியேன் படிப்பில்லாதவன், ஆதரவில்லாதவன். தாங்கள் மனம் இரங்கி எந்த வேலை கொடுத்தாலும் நன்றியோடு செய்வேன். தங்கள் குடும்பம் வாழையடி வாழையாகத் தழைக்க ஐந்து வேளையும் துஆ செய்வேன்.'

இதில் பொய் ஒன்றும் இல்லை. சரியாக இருக்கிறதா?

கியாசுதீன்


செங்கல்பட்டு
20-1-1954

மச்சானுக்கு, ஸலாம்.

பொய் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மெய்யும் இல்லை. இதைப் படித்தால் உங்களைப் பற்றி என்ன தெரிகிறது? உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிகிறது. அப்பாசாமி என்னைத்தான் கொன்றார், நீங்கள் உங்களையே கொன்றிருக்கிறீர்கள்.

கோபப்படாமல் கேளுங்கள். மிச்சம் இருந்த இருபது விண்ணப்பத்தையும் அடுப்பில் போடாமல் வைத்துப் படித்தவள் நான். மானேஜர்கூட அப்படிப் படித்திருக்க மாட்டார். அவர் எப்படிப் படிப்பார் என்று அண்ணனிடம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். உட்கார்ந்துகூடப் படிக்கமாட்டாராம். ஷெட்டிலிருந்து வரும்போதே ஒரு கையில் வாங்கி, நின்றபடி முதல் இரண்டு வரி பார்ப்பாராம். 'மகா கனம்' என்று இருந்தால் அடுத்ததை எடுப்பாராம். உங்கள் கடிதத்தில் முதல் இரண்டு வரியும் அவருக்குக் கும்பிடு போடவே செலவாகிவிட்டது. வேலை என்ன வேலை என்பதே எங்கும் இல்லை.

'எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்' என்று பதினேழு பேர் எழுதியிருக்கிறார்கள். எந்த வேலையும் செய்வேன் என்கிறவனுக்கு எந்த வேலையும் தெரியாது என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். மீன் வாங்கப் போகிறவளிடம் 'எந்த மீனானாலும் கொடுப்பேன்' என்று சொன்னால் அவள் அடுத்த கூடைக்குப் போய்விடுவாள். இன்றைக்கு என்ன மீன், எப்போது பிடித்தது, அதைச் சொல்ல வேண்டும்.

அழுத பிள்ளை பால் குடிக்கும், உண்மைதான். தாயிடம் அழுதால் கிடைக்கும். மானேஜர் என்ன உங்களைப் பெற்றவரா? அவருக்கு அவர் அழுகையே தீரவில்லை. போன டைம் கீப்பரை ஏன் நிறுத்தினார்கள் தெரியுமா? ஒவ்வொரு நடைக்கும் வண்டி வந்த நேரம், கிளம்பிய நேரம் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு காகிதம் உண்டு, டிரிப் ஷீட் என்பார்கள். அந்த ஆள் காலையிலேயே நாள் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்த் தூங்குவானாம். டிரைவர்கள் இஷ்டத்துக்குக் கிளம்புகிறார்கள். ஜனம் ஒரு பக்கம் நிற்கிறது, வண்டி காலியாக வருகிறது. மானேஜருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்கிறார் அண்ணன். உங்களிடம் அதற்கு ஏதாவது மருந்து இருந்தால் அதை எழுதுங்கள். துஆ நாம் தனியாகச் செய்துகொள்ளலாம்.

நான் வண்டியில் வாயைத் திறக்கவில்லை என்று எழுதினீர்கள். ஏழு மாத வயிற்றோடு அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். யார் பக்கம் பேசினாலும் இன்னொருவர் முகத்தை அப்புறம் பார்க்க முடியாது. நீங்களும்தான் பேசவில்லை. டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள்.

பதருன்னிசா


மகாபலிபுரம்
27-1-1954

பதருக்கு,

நீ சொன்னபடி எழுத உட்கார்ந்தேன். மூன்று நாள் உட்கார்ந்தும் ஒரு வரி வரவில்லை. ஐந்தாம் வகுப்பு படித்தவன், டீ போடுகிறவன். இதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? மதுராந்தகத்திலிருந்தெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவர்கள் போடுகிறார்களாம். அவர்களுக்கு எழுத விஷயம் இருக்கிறது. உன் அண்ணன் சொன்னதுதான் சரி என்று படுகிறது. இதை விட்டுவிடலாம்.

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. முந்தாநாள் முழங்கால் பெயர்ந்துவிட்டது. காலை 8-40 வண்டியை 8-33க்கே எடுத்துவிட்டான் டிரைவர் தேவசகாயம். குப்பத்து அம்சா இரண்டு கூடை மீனோடு ஓடிவருகிறாள். ஒன்பதரைக்குள் திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போகாவிட்டால் அந்த மீனை நாய்கூடத் தொடாது. நான் கொதிக்கிற பாலை இறக்கிவைத்துவிட்டு சைக்கிளில் துரத்தினேன். கால்வாய் மேட்டில் அந்த வண்டி எப்போதும் திணறும், அங்கே பிடித்துவிடலாம் என்று தெரியும். பிடித்துக் குறுக்கே போட்டேன். போட்ட வேகத்தில் விழுந்தேன்.

"இன்னா பாய், உன் கடியாரம் ஸ்லோவா ஓடுது" என்றான் தேவசகாயம்.

"என் கடியாரம் லைட்ஹவுஸ் கடியாரம். ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம எடுத்துகினு போய் சரிபாத்துகினு வரேன். நீ யாரப் பாத்து வச்சே?" என்றேன். அவன் இஞ்சினை அணைத்தான். அம்சா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேரும்வரை நின்றான்.

தினம் இதே பேஜாருதான். பாதி ஜனம் ஆலமரத்தடியில் நிற்கிறது, பாதி என் கடை எதிரில். ஒரு இடத்தில் ஏற்றிக்கொண்டால் மற்ற இடத்தில் நிற்கிறவர்கள் போச்சு. அதற்காகத்தான் ஒரு தண்டவாளத் துண்டைக் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். வண்டி எடுக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அடிப்பேன். எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள். என் சௌகரியத்துக்குத்தான் செய்தேன், இல்லாவிட்டால் அவசரத்தில் டம்ளரோடு ஏறிவிடுகிறார்கள். வடக்கேயிருந்து சிற்பம் பார்க்க வருகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. கடைசி வண்டி போனபின் வந்து நின்று முழிப்பார்கள். அவர்களுக்காகப் பலகையில் சாக்பீஸால் எல்லா வண்டி நேரமும் இங்கிலீஷ் எண்ணில் எழுதி வைத்திருக்கிறேன். பௌர்ணமியன்று மாலை வண்டிக்கு அறுபது பேருக்குக் குறையாது, கம்பெனிக்காரர்கள் அன்றும் ஒரே வண்டிதான் விடுகிறார்கள். இதெல்லாம் யாரிடம் சொல்வது? இங்கே பேச ஆள் இல்லாமல் உனக்கு எழுதுகிறேன்.

ராபியா யார் ஜாடை?

கியாசுதீன்


செங்கல்பட்டு
1-2-1954

மச்சானுக்கு, ஸலாம்.

ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடினானாம் ஒருவன். 'ஒரு வரி வரவில்லை' என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, இரண்டாம் பக்கத்தில் முழு விண்ணப்பத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் அடிக்கோடு போட்ட இடங்களைப் பாருங்கள். கடிகாரம், தண்டவாளத் துண்டு, பலகை, பௌர்ணமிக் கூட்டம், இரண்டு இடத்தில் ஜனம் நிற்பது. மானேஜருக்கு எது தூக்கத்தைக் கெடுக்கிறதோ அதெல்லாம் உங்கள் கடை வாசலில் நடக்கிறது. சம்பளம் வாங்காமல் ஆறு வருஷமாக டைம் கீப்பர் வேலை பார்க்கிறவர் நீங்கள். எஸ்.எஸ்.எல்.சி.காரருக்குக் கால்வாய் மேட்டில் வண்டி திணறும் என்று தெரியுமா?

இப்படி எழுதுங்கள். மேலே ஊர், தேதி. முதல் வரியில் எந்த வேலை என்று சொல்லிவிடுங்கள். அடுத்ததில் நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள். அப்புறம் என்ன செய்கிறீர்கள் என்பதை எனக்கு எழுதியது போலவே எழுதுங்கள், முழங்காலை மட்டும் விட்டுவிடுங்கள். படிப்பு ஐந்தாவது என்றால் ஐந்தாவது, மறைக்க வேண்டாம், அதற்காக அழவும் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. விலாசத்தை மறக்காதீர்கள். மதுராந்தகத்து ஆள் ஒருவர் முத்து முத்தாக எழுதியிருந்தார், விலாசம் எழுதவில்லை. அவரை எங்கே தேடுவது? மானேஜரும் தேடவில்லை.

அண்ணன் பெயர் எங்கும் வரக் கூடாது. இன்னொன்று, இதுதான் முக்கியம். பழைய விண்ணப்பத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள். அதில் 'கியாசுதீன் சாகிப்' என்று இருந்தது. இதில் 'எம். கியாசுதீன்' என்று போடுங்கள். மானேஜர் ஆயிரம் காகிதம் பார்க்கிறவர், மறந்திருப்பார். செத்துப்போன நான் செத்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். வேலை கிடைத்தபின் உயிர்த்துக்கொள்ளலாம்.

எழுதி எனக்கு அனுப்புங்கள். பார்த்துத் திருப்பி அனுப்ப நாள் இருக்கிறது.

குழந்தை யார் ஜாடை என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நான் எழுதமாட்டேன். வந்து பாருங்கள்.

பதருன்னிசா


மகாபலிபுரம்
6-2-1954

பதருக்கு, ஸலாம்.

உனக்குக் காட்டாமல் நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். காட்டினால் நீ கடைசிப் பகுதியை அடித்துவிடுவாய். நகல் கீழே.

'மகாபலிபுரம், 5-2-1954. மானேஜர் அவர்களுக்கு. மகாபலிபுரம் டைம் கீப்பர் வேலைக்கு இது என் விண்ணப்பம். பஸ் திரும்பும் இடத்தில் ஆறு வருஷமாக டீக்கடை வைத்திருக்கிறேன். வயது 29. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், இங்கிலீஷில் எண்கள் மட்டும் தெரியும். என் கடைக் கடிகாரத்தை வாரம் ஒருமுறை லைட்ஹவுஸ் கடிகாரத்தோடு சரிபார்க்கிறேன். ஜனங்கள் இரண்டு இடத்தில் நிற்பதால் வண்டி ஆளை விட்டுவிட்டுப் போகிறது. புறப்பட ஐந்து நிமிஷம் இருக்கும்போது தண்டவாளத் துண்டை அடித்து எல்லோரையும் ஒரே இடத்துக்கு வரச் செய்கிறேன். வண்டி நேரங்களைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். 8-40 வண்டி சீக்கிரம் கிளம்பினால் மீன்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றுவிடுகிறார்கள். பௌர்ணமி மாலையில் இன்னொரு வண்டி விட்டால் நிரம்பும். போன வருஷம் பௌர்ணமிதோறும் நின்றவர்களை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பரில் என் பெயரில் ஒரு இங்கிலீஷ் விண்ணப்பம் தங்களுக்கு வந்திருக்கும். அதில் என் மனைவி இறந்துவிட்டதாக எழுதியிருந்தது. அது பொய். அவள் செங்கல்பட்டில் நலமாக இருக்கிறாள். எனக்குப் படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். எழுதியவர் மேல் குற்றம் இல்லை, கையெழுத்து என்னுடையது. அதனால் தங்கள் குமாஸ்தா ஒருவருக்கு ஏற்பட்ட தலைகுனிவுக்கும் நான்தான் காரணம். இனிமேல் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன். எம். கியாசுதீன், டீக்கடை, பஸ் நிற்கும் இடம், மகாபலிபுரம்.'

நீ வேண்டாம் என்றாய். இரண்டு முறை அந்தப் பகுதி இல்லாமல் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உன்னைச் செத்தவளாக விட்டுவிட்டு அடியில் என் பெயரைப் போடக் கை வரவில்லை. வேலை போனால் போகட்டும் என்று எழுதவில்லை பதரு. வேலை வேண்டும். நீயும் குழந்தையும் இங்கே வர வேண்டும். இரண்டும் வேண்டும் என்றுதான் நாலு நாளாகத் தூக்கம் இல்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

கியாசுதீன்


செங்கல்பட்டு
12-2-1954

மச்சானுக்கு,

கார்டு போதும். எனக்குக் கோபம். ஒன்று சொன்னேன், ஒன்றே ஒன்று மறைக்கச் சொன்னேன். சும்மா இருந்த மானேஜருக்கு ஞாபகப்படுத்திவிட்டீர்கள்.

அண்ணன்தான் உறையைப் பிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "உன் புருஷன் லெட்டர் வந்துச்சு. மேஜமேல வச்சேன்" என்றார். குமாஸ்தா தலைகுனிவு என்ற வரியைப் படித்தாரா என்று கேட்டேன். தண்ணீர் கேட்டார்.

மறுநாள் கூடையில் விழுந்ததில் உங்களுடையது இல்லை. அதற்கு மேல் தெரியாது. 17ஆம் தேதி புதன்கிழமை நாலு பேரை நேரில் கூப்பிட்டிருக்கிறார்கள். யார் யார் என்று அண்ணன் சொல்லமாட்டார். உங்களுக்கு வந்தால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். காலரில் கிழிந்தது வேண்டாம்.

பதருன்னிசா


மகாபலிபுரம்
18-2-1954

பதருக்கு, ஸலாம்.

நேற்று வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேர் எஸ்.எஸ்.எல்.சி. ஒருவர் கையில் வாட்ச் கட்டியிருந்தார். என்னை மூன்றாவதாகக் கூப்பிட்டார்கள். மானேஜர் எதிரில் நாற்காலி இருந்தது, நான் நின்றேன். பக்கத்து மேஜையிலிருந்து உன் அண்ணன், "உக்காருங்க" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியது இதுதான் முதல் முறை. அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை.

மானேஜர் என் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பௌர்ணமிக் கணக்கைக் கேட்டார். ஒவ்வொரு மாதமும் எத்தனை பேர் நின்றார்கள் என்று சொன்னேன். ஐப்பசியில் மழை, யாரும் இல்லை என்றேன். குறித்துக்கொண்டார். அப்புறம் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"வண்டி இன்னும் வரலை. டிரைவர் ஆள் அனுப்பி ஷீட்ல கையெழுத்து வாங்கிவரச் சொல்றான். என்ன பண்ணுவே?"

"வண்டி வந்தப்புறம் போடறேன் சார்."

"திட்டுவானே."

"திட்டட்டும் சார். ஒரு தபா பாக்காம கையெழுத்துப் போட்டேன், பொண்டாட்டியே செத்துட்டா. அதுக்குத் திட்டு தேவல."

மானேஜர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் அண்ணன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், ஆனால் பேனா ஓடவில்லை. "சரி, தபால் வரும்" என்றார் மானேஜர். அவ்வளவுதான். வாட்ச் கட்டியவர் உள்ளே அரை மணி நேரம் இருந்தார். எனக்குப் பத்து நிமிஷம். நம்பிக்கை வைக்காதே.

வெளியே வந்து உங்கள் தெருவுக்குத்தான் நடந்தேன். முனையில் விறகுத் தொட்டி இருக்கிறதே, அதுவரை வந்தேன். நீ வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாய். குழந்தையின் முகம் உன் பக்கம் இருந்தது. எனக்குப் பின்தலைதான் தெரிந்தது. முடி நிறைய இருக்கிறது. பச்சைச் சட்டை. விறகு மறைவில் கால் மணி நேரம் நின்றேன். திரும்புமா என்று பார்த்தேன். திரும்பவில்லை, தூங்கிவிட்டது போலிருக்கிறது. நீ உள்ளே போய்விட்டாய். கையில் காகிதம் இல்லாமல் அந்த வாசல் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு மணி வண்டியில் ஏறிவிட்டேன். திருக்கழுக்குன்றம் வரும்வரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன்.

கியாசுதீன்


செங்கல்பட்டு
22-2-1954

மச்சானுக்கு, ஸலாம்.

நீங்கள் வந்து போனது உங்கள் கடிதம் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. படித்துவிட்டு முதலில் உங்களைத் திட்டினேன், அப்புறம் அழுதேன். அண்ணி குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தாள்.

இன்று சாயங்காலம் அண்ணன் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பதரு, இங்க வா. மானேஜர் இன்னிக்கு முடிவு பண்ணிட்டாரு. லெட்டர் டைப் ஆயிடுச்சு" என்றார்.

"சொல்லாதே அண்ணா" என்றேன்.

"இன்னாடி இது. நாலு மாசமா இதுக்குத்தானே காத்துகினு கீறே?"

"நீ சொன்னதுக்காகக் காத்துகினு இருந்தேன். இப்ப சொல்லாதே. வியாழக்கெழம காலைல நான் போறேன். அதுக்கப்புறம் யாருக்கு வேணா சொல்லு."

அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சமையலறைக்குப் போய்விட்டேன். பின்னாலேயே வந்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினேன். வேலை கிடைத்த பிறகு போனால், வேலைக்காக வந்தவள் என்று நீங்கள் ஆயுசு முழுக்க நினைப்பீர்கள். கிடைக்கவில்லை என்று தெரிந்து போனால், இரக்கப்பட்டு வந்தவள் என்று நினைப்பீர்கள். எனக்கு இரண்டும் வேண்டாம் என்றேன். அண்ணன் நிலைப்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "அன்னிக்கு கடை வாசல்ல நான் அப்படிப் பேசிக்கக் கூடாது" என்றார் கடைசியில். அதை என்னிடம் சொல்லி என்ன பயன், உங்களிடம் சொல்லச் சொன்னேன். வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களிடம் சொல்ல அவருக்கு இன்னும் கொஞ்சம் நாள் ஆகும்.

கம்பெனிக் கடிதம் வியாழக்கிழமை தபாலில் சேர்கிறதாம். உங்கள் கைக்குச் சனிக்கிழமை வரும். நான் அதற்கு இரண்டு நாள் முந்தி வந்துவிடுவேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது, வல்லாஹி தெரியாது. சம்பளம் இல்லை என்றால் டீக்கடை இருக்கிறது. இத்தனை வருஷமாக அதில்தானே சாப்பிட்டோம்.

விறகுத் தொட்டியிலிருந்து எங்கள் வாசலுக்கு இருபது அடி இருக்குமா? பதினெட்டு மைல் வந்தவருக்கு அந்த இருபது அடி வர முடியவில்லை. சரி, போகட்டும். மிச்சத்தை நான் வருகிறேன்.

காலை ஏழு மணி வண்டி. தகரப் பெட்டி ஒன்று, தூளித் துணி மூட்டை ஒன்று. கண்டக்டர் பெட்டியை வண்டி மேலே போட்டுவிடுவார், இறக்க நீங்கள் நிற்க வேண்டும். குழந்தையை முதலில் உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் படி இறங்குவேன். புது ஆளைக் கண்டால் அழும், பயப்பட வேண்டாம். தலை நிற்க ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் கழுத்துக்குக் கீழே கை கொடுத்துப் பிடியுங்கள்.

பதருன்னிசா